வியாழக்கிழமைப் பூனை

"அக்கா, இந்தப் பூனை என்ன தப்பு பண்ணுச்சுன்னு ஜெயில்ல போட்டு வச்சிருக்கீங்க?"

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மதிய நேரக் கூட்டம் மொத்தமும் வாணி பக்கம் திரும்பியது.

பல்கலைக்கழகத்தில் சட்டம், இரண்டாம் ஆண்டு. நியாயம் கேட்காமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

மூன்றாவது மேசைக்குக் கீழே கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு மஞ்சள் பூனை, முன்னங்காலை நக்கியபடி.

"வியாழக்கிழமை மட்டும்தாம்மா. ஒரு மணி நேரம்," என்றாள் கடைக்கார லெட்சுமி, சாம்பார் வாளியோடு.

"உங்கள ஒரு மணி நேரம் அடைச்சா ஒத்துக்குவீங்களா?"

"தினம் பன்னெண்டு மணி நேரம் இந்தக் கடையிலதான் அடைஞ்சு கெடக்கேன். அப்பளம் வேணுமா?"

யாரோ சிரித்தார்கள். வாணிக்குச் சுருக்கென்றது. அப்பளத்தை வைத்து வாயை அடைக்கவா பார்க்கிறாள்? குனிந்து கூண்டின் கொக்கியை நெம்பினாள்.

"வேணாம்மா! தெறக்காதே!"

பூனை வெளியே வந்தது. சோம்பல் முறித்தது. நேராகக் கடைசி மேசைக்கு நடந்தது.

அங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் ஆறடிக்குக் குறையாது. பூனையைக் கண்டதும் நாற்காலி சரிய எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பிசைந்த சோறு விரலிடுக்கு வழியே உதிர்ந்தது.

வாணி சிரித்தேவிட்டாள். "அண்ணே, அது பூனை லா. புலி இல்ல!"

லெட்சுமி வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். "சிவேந்திரன் தம்பி, பயப்படாதீங்க, இதோ பிடிச்சிர்றேன்..."

"வேணாம்க்கா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இருக்கட்டும். ஓடினா பயம் இன்னும் பெரிசாகும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

வாணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த மிஸ்?"

லெட்சுமி அவளை ஓரமாக இழுத்தாள். "மாடியில கவுன்சலர் இருக்காங்கல்ல, அவங்ககிட்டதான் வர்றாரு. அவங்க சொல்படிதான் இந்தக் கூண்டு. முத வாரம் ரோட்டோரம் வச்சேன். அதுக்கே வேர்த்துக் கொட்டுச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒரு மேசை கிட்ட. தெறந்து விடுறதெல்லாம் கடைசியில. நீ இன்னைக்கே தெறந்துட்ட."

"ஏன்க்கா இவ்ளோ கஷ்டம்? பூனை இருந்தா அந்தப் பக்கம் போகாம இருந்துட்டாப் போச்சு."

"அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டுல பூனை வளர்க்கிறாங்க. இதுவரைக்கும் கேட்டைத் தாண்டி உள்ள போனதில்ல. 'மாப்பிள்ளைக்குத் தலைக்கனம், நம்ம வீட்டுத் தண்ணிகூட ஆகாது'ன்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. பூனைன்னா பயம்னு சொல்ல இவருக்கு வெக்கம். பொண்ணுகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காரு."

பூனை அவர் கால் சப்பாத்தை மோந்து பார்த்தது. அவர் கண்ணை மூடவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். ஆடிக்கொண்டிருந்த கால் மெல்ல நின்றது. பூனைக்கு அலுத்துவிட்டது, அங்கேயே சுருண்டு படுத்தது.

அவர் நாற்காலியை நிமிர்த்தினார். உட்கார்ந்து மீதிச் சோற்றையும் சாப்பிட்டார்.

அவர் கிளம்பும்போது வாணி எழுந்து நின்றாள். "சாரிண்ணே. தெரியாம சிரிச்சிட்டேன்."

"பரவால்ல. நாலு வாரத்து வேலைய அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க." முகத்தில் பரீட்சை பாஸான களை, குரல் மட்டும் இன்னும் நடுங்கியது. "ஆனா வேற யாருக்கும் இப்படிப் பண்ணிடாதீங்க. எல்லாராலயும் நிக்க முடியாது."

அவர் தலை மறைந்ததும் வாணிக்கு மறுபடி நியாயம் முளைத்துவிட்டது.

"சரிக்கா, அதான் பழகிட்டாரே. இனிமே அடைக்காதீங்க. கடைப் பூனை சுதந்திரமா சுத்தட்டும்."

"கடைப் பூனையா?" லெட்சுமி பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் எப்பம்மா பூனை வளர்த்தேன்? இது பொண்ணு வீட்டுப் பூனை. மக விஷயத்தைச் சொன்ன அன்னையிலருந்து பொண்ணோட அம்மாவே வாரா வாரம் செந்தூல்லருந்து தூக்கிட்டு வந்து, பின்வாசல்ல குடுத்துட்டுப் போறாங்க. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவாராம், மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு."

"இதே பூனைதான் வேணும்னு என்னக்கா?"

"நானும் கேட்டேன். 'முதமுதலா எங்க வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்ப, அவருக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்கட்டுமே'ன்னாங்க."