மூட்டு ஏறிய விமானம்

அல்போன்ஸின் மூட்டுவலி விமானத்தளக் குடியிருப்பு முழுக்கப் பிரசித்தம். அங்கிருந்த பழைய போர் விமானத்தடியில் நாற்பது வருடம் மண்டியிட்ட மெக்கானிக் அவர்.

பாகங்களில் அறுபது சதவீதம் அசல் பழசாக இருந்தால்தான் மரபு விமானம் பறக்கலாம் என்பது விதி. பழைய பாகங்கள் போதாததால், விமானத்தைப் பராமரிக்கும் மரபுக் குழு அல்போன்ஸையும் ஒரு பாகமாகப் பதிந்து கழுத்தில் எண் வில்லை மாட்டியது. மனிதர் அதைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்குக் குழுவிடம் அனுமதி கேட்டுப் போனார் மனைவி ரெஜினா.

"புது மூட்டு வெச்சா அவர் ஒரிஜினல் இல்லம்மா. விமானம் பறக்காது," என்றார் குழு அதிகாரி.

"அப்ப இவர் தவழ்ந்து போகட்டுமாய்யா?"

கடைசியில் சமரசம். கழற்றிய மூட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வில்லையை அதில் ஒட்டி, விமானத்தில் ஏற்றினால் போதுமாம்.

பறக்கும் நாளில் பெட்டிக்குச் சிவப்புக் கம்பளம். வில்லை இல்லாத அல்போன்ஸ் வெறும் பார்வையாளராம். வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஓடுதளத்தில் விமானம் உறுமியது. அல்போன்ஸ் முகம் மாறியது.

"இஞ்சின் சத்தம் சரியில்ல ரெஜி. கிளம்பறதுக்குள்ள சொல்லணும்."

"அதான் உங்க மூட்டு உள்ள இருக்கே, அது சொல்லும்," என்றார் ரெஜினா.

சொல்லிவிட்டு, செருப்பை உதறி, வாசல் காவலரை நோக்கி முதலில் ஓடியவரும் அவர்தான்.