பைக்குள் மந்திரவாதி

பகடை உருட்டி ஆடும் அந்தக் கதையாட்டத்தில் பரணியின் மந்திரவாதி நல்ல கனத்த உடம்புக்காரர். கோல், ஏடுகள், விளக்கு எல்லாவற்றையும் சுமந்து நின்றவரைக் கயிற்றுப் பாலம் தாங்காது என்றான் ஆட்டத்தை நடத்தும் எட்வின். எதைப் போட்டாலும் கனக்காத மாயப்பைக்குள் பரணி அத்தனையையும் போட்டான். அப்போதும் பாலம் முனகியது.

“அப்ப நானும் பைக்குள்ள இறங்கிடறேன்டா.”

“விதிப்படி சரிதான். ஆனா பையை யாரு தூக்குவா?”

மற்றவர்களின் வீரர்கள் எப்போதோ அக்கரை சேர்ந்திருந்தார்கள். பரணி மந்திரவாதியைப் பைக்குள் இறக்கினான். எட்வின் பகடையை உருட்டி, விழுந்த எண்ணையே வெறித்தான்.

“பை பாலத்துல நகருதுடா.”

“யாருடா தூக்குறா?”

எல்லோரும் எட்வினைப் பார்த்தார்கள்.

“என்னை எதுக்குடா பாக்குறீங்க? சத்தியமா நான் தூக்கல.”