காணோம் சார்

"நாய் தின்னுடுச்சு மேடம்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "எதை?"

"பத்தாம் வகுப்பு கணக்குத் தாளை. ஒண்ணே ஒண்ணுதான்."

கணக்கு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். ஆனால் இந்த வருஷம் அவர் தொலைத்த விடைத்தாள்களில் இது ஐந்தாவது. பிள்ளைகள் அவருக்கு 'காணோம் சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் தாளில் டீ கொட்டிவிட்டது. இரண்டாவது பஸ் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. மூன்றாவதைச் சட்டையோடு சேர்த்து மனைவி துவைத்துவிட்டார். நாலாவது எங்கே என்று கேட்டதற்கு, யோசித்து நாளைக்குச் சொல்வதாக அவகாசம் வாங்கிக்கொண்டு போனார்.

"உங்க வீட்ல நாய் இருக்கா?"

"பக்கத்து வீட்டு நாய் மேடம்."

"முப்பத்தெட்டு தாள்ல அது ஏன் ஒண்ணை மட்டும் தின்னுச்சு?"

"பசி அவ்வளவுதான் போல."

தலைமையாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல், தலைவலி, பதற்றம் என்று எதைச் சொன்னாலும் மறுதேர்வு கிடையாது, பள்ளியே தாளைத் தொலைத்தால் மட்டும்தான் உண்டு. இதுதான் பள்ளியின் பதினாலாம் விதி. வயிற்றுவலி என்று வந்து நின்றவர்களின் தொல்லை தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன் அவரே உட்கார்ந்து எழுதியது. இப்போது இந்த மனிதரின் கவனக்குறைவால் ஐந்தாவது முறையாகப் புதுக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும்.

"நாலாவது தாள் விஷயமா தாளாளர் காலையிலயே போன் பண்ணிட்டார். மெமோ டைப் பண்ணியாச்சு, நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். இந்த மெமோ போனா உங்க வேலையும் போயிடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"பயமா இல்லையா?"

"இருக்கு மேடம். ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குதுங்க."

"அப்போ கொஞ்சம் பொறுப்பா இருந்திருக்கலாம். மீதி முப்பத்தேழு தாளாவது பத்திரமா இருக்கட்டும். உங்க அலமாரிச் சாவியைக் குடுங்க."

வாத்தியாரின் முகம் முதல் முறையாக மாறியது. "நானே எடுத்துட்டு வரேனே மேடம்."

"நீங்க எடுத்துட்டு வந்தா வழியில யானை தின்னுடும். சாவி."

ஆசிரியர்கள் அறைக்குப் போகிற வழியில் 'மாணவர் மனநல அறை' இருந்தது. போன வருஷம் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். மறுநாளே பூட்டினார்கள். உள்ளே இப்போது கால் உடைந்த பெஞ்சுகள் நிம்மதியாக இருக்கின்றன.

அலமாரியில் தாள்கட்டு ஒழுங்காகவே இருந்தது. அதற்கு அடியில் ஒரு பச்சை ஃபைல். பிரித்துப் பார்த்தார். உள்ளே ஐந்து விடைத்தாள்கள்.

டீ கொட்டிய தாளில் ஒரு சொட்டுக் கறை இல்லை. துவைத்த தாள் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. நாய் தின்ற தாளில் ஒரு பல் தடம்கூடக் கிடையாது.

'திருடன், கையும் களவுமா மாட்டினான்' என்று நினைத்தபடி அதைப் புரட்டினார்.

எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணின் தாள் அது. முதல் கணக்கையே ஒன்பது தடவை எழுதி, ஒன்பது தடவையும் அடித்திருந்தாள். கீழே பென்சிலில் கோணல் மாணலாக நாலு வரி.

'சார், எல்லாம் படிச்சேன். ஆனா கை நடுங்குது, மூச்சு முட்டுது. ஒரு வாரமா தூக்கமே இல்ல. இந்த மார்க்கோட வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு.'

மதிப்பெண் போட வேண்டிய இடத்தில் வாத்தியாரின் சிவப்பு மை: 'அவள் அம்மாவிடம் பேசியாகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். மறுதேர்வுக்கு அவசரமில்லை.'

மற்ற நாலு தாள்களிலும் அதே சிவப்பு மை. 'இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறான்.' 'அழுகை நின்றுவிட்டது. மறுதேர்வில் அறுபத்திரண்டு.' 'நேற்று வகுப்பில் என்னையே கிண்டல் செய்தான். தேறிவிட்டான்.'

தலைமையாசிரியை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனநல அறைக்கு வெளிர்நீலம் அடிப்பதா, வெளிர்பச்சை அடிப்பதா என்று இரண்டு கூட்டம் போட்டது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அந்தக் கூட்டங்களில் வெளிர்நீலத்துக்காகச் சண்டை போட்டவரே அவர்தான்.

ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினார்.

நாலு மணிக்குத் தாளாளரின் போன் வந்தது. "என்ன மேடம், மெமோ இன்னும் வரல?"

"டைப் பண்ணி மேஜை மேலதான் சார் வெச்சிருந்தேன். நாய் தின்னுடுச்சு."

"ஸ்கூல்ல ஏதுங்க நாய்?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"சரி, விதிப் புத்தகத்தைப் பார்த்து இன்னொண்ணு டைப் பண்ணுங்க. பதினாலாம் விதியைக் கண்டிப்பா குறிப்பிடுங்க."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு சார்," என்றார் தலைமையாசிரியை, புத்தகத்திலிருந்து கிழித்த தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி. "அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் தின்னிருக்கு."