எழுத்தை ஏற்காத பெட்டி

“வேலைப்பளு தாங்கவில்லை” என்று வசிதி சோதனைக்காகத் தட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் திரையில் நிற்கவில்லை. காரணம் கேட்கும் பெட்டியில், “சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன்” என்ற பழைய வரியே அசையாமல் கிடந்தது.

வேலையை விட்டுப் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் அது. அதற்கான நிரலைப் போன வாரம் எழுதியது பக்கத்து இருக்கை இலைசா.

வசிதிக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணப் பெட்டி, தட்டியதைத் தானே வைத்துக்கொள்ளும்; அனுப்பும்போதுதான் நிரல் எட்டிப் பார்க்கும். இலைசா போட்டிருந்ததோ நிரலின் பிடியில் இருக்கும் பெட்டி. ஒவ்வொரு எழுத்தையும் நிரல் ஏற்றுக்கொண்டால்தான் அது திரையில் நிற்கும். ஏற்கச் சொல்லும் வரியையே காணோம். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு.

“என்ன அண்ணே, பத்து வருஷமா இதே பொழப்பு, இன்னும் இந்த ஒரு வரி மறக்குதா?”

மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டிருந்த இலைசா திரும்பவில்லை. “அதத் தொடாத வசிதி. கெடக்கட்டும்.”

“தப்பைச் சொன்னா ரோஷமாக்கும்!”

வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் யாரென்று அறிவிக்கப்போகிறார்கள். நான்கு வருடமாக வசிதி கண்வைத்திருக்கும் நாற்காலி. போட்டிக்கு நிற்பது இலைசா மட்டும்தான். பத்தே நிமிடத்தில் அந்த வரியை எழுதிச் சேர்த்துவிட்டு, மேலாளர் கெலெராவின் அறைக்கு மடிக்கணினியோடு ஓடினாள்.

“மத்த பதினோரு பெட்டியும் சரியா இருக்கு அக்கா. இது ஒண்ணுதான் பூட்டிக் கெடந்துச்சு. இலைசா அண்ணன் மறந்துட்டாரு, நான் சரி பண்ணிட்டேன். இனிமே அவங்கவங்க காரணத்த அவங்கவங்களே எழுதலாம்.”

கெலெரா திரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஃபிஜித் தலைநகர் சுவாவின் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

“அவன் மறக்கல. நான்தான் பூட்டச் சொன்னேன்.”

“ஏன் அக்கா?”

“நாம வேலைய விட்டு அனுப்பினா ஆயிரம் கேள்வி வரும். அவங்களா போனா ஒண்ணும் வராது. பழையபடியே மாத்திடு.”

வசிதி திரையிலிருந்து நிமிர்ந்தாள். “யாரு... யாரு அக்கா போறாங்க?”

கெலெரா மடிக்கணினியை மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள்.

“பூட்டிட்டு, அந்தப் படிவத்துல உன் பேரப் போட்டு அனுப்பிடு.”