சனிக்கிழமை எழுதின பரீட்சை

“என்னைக்கும்மா எழுதினே?”

“சனிக்கிழமை சார்.”

அண்ணி போனில் கூசாமல் சொன்ன பொய்யைக் கேட்டு, துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் இங்கிலீஷ் பரீட்சை ஹால் வாசலில் இறக்கிவிட்டதே அவள்தான்.

“சனிக்கிழமைதானே? நல்லா ஞாபகம் இருக்கா?” ஸ்பீக்கரில் கோச்சிங் சாரின் குரல் மறுபடி கேட்டது.

“ஆமா சார். சனிக்கிழமைதான்.”

“ரைட்டிங்ல என்ன கேட்டான்?”

“பஸ்ல போறவங்க எத்தனை பேர், ரயில்ல போறவங்க எத்தனை பேர்னு ஒரு சார்ட் சார்.”

இது இரண்டாவது பொய். வந்த கேள்வி, சோளத்தட்டையிலிருந்து வண்டிக்கு எத்தனால் எரிபொருள் எடுக்கிற படம். அறுப்பது, அரைப்பது, புளிக்க வைப்பது, காய்ச்சி வடிப்பது, டேங்கரில் ஏற்றுவது என்று ஒவ்வொரு கட்டமாக வரைந்திருந்ததை நூற்றைம்பது வார்த்தையில் விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்கு எத்தனால் ஃபேக்டரி லேப்பில் எட்டு வருஷ வேலை. “மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சை வெச்சிருக்கான்” என்று அன்று வீடே சிரித்தது.

“அப்படியா... சரி, சரி.” சாரின் குரல் சட்டென்று லேசானது. “ஒன்பதுக்கு ஏழரை வாங்கிட்டியே, சாதாரணமா? மார்க் ஷீட்டை அனுப்பும்மா. உன் போட்டோவோட சென்டர் வாசல்ல பேனர் வெச்சுடலாம்.”

“பேனரெல்லாம் வேண்டாம் சார். மார்க் ஷீட்டும்... அனுப்பலை சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குக் கூச்சமா இருக்கு.”

அண்ணி போனை வைத்ததுதான் தாமதம், நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு அண்ணி இத்தனை பொய்?”

“விடு. உனக்கு எதுக்கு அதெல்லாம்.”

“அடுத்த மாசம் நானும் எழுதணும். என்கூட கிளாஸ்ல இன்னும் பதினாலு பேர் எழுதணும். இந்த மாதிரி படம் வருதுன்னு தெரிஞ்சா சார் எங்களை எழுதவெச்சுத் திருத்துவார் இல்லையா?”

“நான் உனக்குச் சொல்லித் தரேன்.”

“எனக்குச் சொல்லுவீங்க. மத்தவங்க?”

அண்ணி, மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

“மூணு தடவை அஞ்சரை வாங்கிட்டு வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதீங்க. ரொட்டி செய்யற படத்துக்கு, சூடு கூடினா ஈஸ்ட் செத்துடும்னு எழுதிவெச்சீங்க. ‘படத்துல செத்திருக்கா? இல்லையே. அப்ப அது சாகாது. உனக்குத் தெரிஞ்சதை எழுதாதே, கண்ணுல பட்டதை எழுது’ன்னு கிளாஸ் முடிஞ்ச பிறகும் உட்காரவெச்சு சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்ப அவருக்கு ஒரு மார்க் ஷீட் அனுப்ப உங்களுக்குக் கை வரலை. ஆத்தைக் கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பின்னு சும்மாவா சொன்னாங்க.”

உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். “அவ சொல்றதும் நியாயந்தானே? அனுப்பிட்டுப் போயேன்.”

“நீங்க வேற. பேசாம இருங்க.”

“அண்ணி அனுப்ப வேண்டாம்ணா. காலையில நீ ஃபேமிலி குரூப்ல போட்டது என்கிட்டேயே இருக்கு.” நாத்தனார் தன் போனை எடுத்தாள். “நானே சாருக்கு அனுப்பிடறேன்.”

அண்ணி எழுந்து வந்து அந்த போனைக் கையால் மூடினாள்.

“வேண்டாம். அதுல பரீட்சை எழுதின தேதி இருக்கு.”

“இருந்தா என்ன?”

அண்ணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு ஹால்ல எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி ஒருத்தர். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பேனா தன்னால ஓடுச்சு. அவருக்குக் கை நடுங்குது. இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுதிப் பார்த்தார். ரெண்டு வரி எழுதுவார், அடிச்சிடுவார். கடைசியில பேப்பரை வாங்கறப்போ பாதிக்கு மேல வெள்ளையா இருந்துச்சு.”

“பாவம். சரியா படிக்காம வந்திருப்பார்.”

“அவருக்குத் தெரியாத இங்கிலீஷா? பயம். இந்த மாசத்துக்குள்ள மார்க் ஷீட் காட்டலைன்னா வேலையில வெச்சுக்க மாட்டோம்னு ஓனர் சொல்லிட்டாராம். வெளியில வந்து போன்ல வீட்டுக்குச் சொல்லிக்கிட்டிருந்தார். ‘இன்னொரு தடவை எழுதிடறேன், நீ அழாதே’ன்னு. நான் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கிட்டேன். அவர் தெருவைத் தாண்டின பிறகுதான் வெளியில வந்தேன்.”

“ஓ, அதான் அன்னைக்கு அவ்வளவு லேட்டா? பின்பக்க கேட்ல வெயில்ல நின்னு உங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன்.” நாத்தனாருக்கு இன்னும் பிடிபடவில்லை. “அது சரி, யார் அண்ணி அவர்? நமக்குத் தெரிஞ்சவரா?”

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என்னைக்கு எழுதினேன்னு இப்ப ரெண்டு தடவை கேட்டாரே, அவர்தான்.”