நிவேதா வீட்டு நல்ல மண்

இதை நிவேதா எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அவளோடு ஆய்வகத்தில் இருக்கும் பர்சானா சொன்னாள்.

இலஞ்சிப் பக்கம் ஒரு மரப்பட்டறை. கரையான் அரிக்காமலிருக்க மரத்தை ஒரு மருந்தில் முக்கியெடுப்பார்கள். அதில் ஆர்செனிக் உண்டு. பட்டறைச் சுவரை ஒட்டி உலகம்மை வீடு. அவள் கோழிகள் அந்த மண்ணில்தான் புழு கொத்தித் தின்னும். முட்டை குற்றாலத்து ஆம்லெட் கடை வரை போகும்.

அதே தெருவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி நிவேதா மண்வெட்டியோடு போய் நின்றாள்.

“யக்கா, ஒங்க மண்ணும் புழுவும் கொஞ்சம் வேணும். வெசம் இருக்கான்னு பாக்கணும்.”

“வெசமா? ஏட்டி, புழு எப்பிடி நெளியுது பாரு. வெசம்னா செத்திருக்காதா?”

“சாகாதுக்கா. ஆர்செனிக்க உள்ளுக்குள்ள வேற சேர்மமா மாத்திப் பொழச்சுக்கிடும்.”

“அப்போ அது ஒன்னவிடப் படிச்ச புழு. நீ பட்டம் வாங்க எம் பொழப்புதான் கெடச்சுதா? போடி அங்கன!”

விளக்குமாறு வருவதற்குள் நிவேதா ஒரு கை மண்ணையும் நாலு புழுவையும் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

“முடிவு வரட்டும். அதுவரைக்கும் அந்த முட்டைய வாங்காதீங்க” என்று தெருவெல்லாம் சொன்னாள். நல்ல எண்ணம்தான். ஆம்லெட் கடைக்காரரும் கழன்றுகொண்டார். உலகம்மை வீட்டில் மூன்று வேளையும் முட்டைக் குழம்பு.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண்ணும் வேண்டுமே. நிவேதா தன் வீட்டு முருங்கை மரத்தடியில் தோண்டினாள். புழுவெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

“இதுல்லா மண்ணு!” என்று மெச்சிக்கொண்டாள்.

முடிவைப் பார்த்த பர்சானா திருதிருவென்று விழித்தாள்.

“ஏட்டி, மண்ணுப் பைய மாத்தி வச்சிட்டியா? அந்த அக்கா மண்ணுல பயப்படுத அளவுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க வீட்டு மண்ணுலயும் புழுவுலயும் கொட்டிக் கெடக்கு!”

மாற்றி வைக்கவில்லை. திரும்பச் செய்தும் அதே முடிவு. நிவேதா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“யப்பா, முருங்கை மூட்டுல என்னத்தப் போடுதீங்க?”

“வெந்நி அடுப்புச் சாம்பல்தான். பட்டறையில துண்டு மரம் சும்மா தருதாங்கல்லா? என்னமா எரியுதுங்க!”

மருந்து ஊறிய மரம். எரிந்தாலும் ஆர்செனிக் சாம்பலில் தங்கிவிடும்.

பர்சானா கேட்டாள்: “தெருவுல எப்பச் சொல்லப்போற?”

“சொல்லணும்… நாளைக்கு.”

பிறகு நானும் அந்தத் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். நிவேதா வீட்டு முருங்கையை வெட்டிவிட்டார்கள், கம்பளிப்பூச்சித் தொல்லையாம். உலகம்மையிடம் இப்போது முட்டை வாங்குவது ஒரே ஒரு வீடு.

நிவேதா வீடு. அதுவும் பின்வாசல் வழியாக.