மாமா கண்டுபிடித்த கொலைகாரன்

"தோட்டக்காரன்தான் கொலை செஞ்சிருக்கான். எழுதி வெச்சுக்குங்க மாப்பிள்ளை!"

மாமனார் டி.வி.யை நோக்கி விரலை நீட்டினார். மருமகனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம். அவனுக்கு அது உயிர். பதினோரு முறை பார்த்திருக்கிறான். மாமனாரோ குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரையே அசர வைத்துவிட்டால், அப்புறமாவது இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவார் அல்லவா?

கல்யாணமாகி மூன்று மாதம். "சாப்பிட்டீங்களா?" என்பார் அவர். "ஆச்சு மாமா" என்பான் இவன். அதோடு சரி.

"இப்படியே போனா பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரிதான் ரெண்டு பேரும் இருப்பீங்க" என்று மனைவி வேறு பயமுறுத்தியிருந்தாள்.

மாமனார் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். நேற்று அவராகவே ஒரு புது ஆக்‌ஷன் படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க வயசுக்காரங்களுக்கு இதுதானே பிடிக்கும்?"

கதாநாயகன் ஒரு உதை விட்டான். ஒன்பது கார் பறந்தது. மருமகனுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் வெளியே வந்ததும், "பட்டையைக் கிளப்பிட்டான் மாமா!" என்று ஒரே போடாகப் போட்டான்.

பாவம், மனுஷன் அதை அப்படியே நம்பிவிட்டார்.

இன்று இவன் முறை.

"இல்ல இல்ல, டாக்டர்! அந்த ஆள் முழியே சரியில்ல."

"பொறுத்துப் பாருங்க மாமா."

"அப்ப மச்சான்காரன். எழவு வீட்டுக்கு எவனாவது இப்படிப் படிய வாரிட்டு வருவானா?"

இவரா முப்பது வருஷம் திருடனைப் பிடித்தார்? திருடர்களே இரக்கப்பட்டு வந்து மாட்டிக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான் மருமகன்.

கடைசிக் காட்சி. பங்களாவின் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வாரா வாரம் வந்துபோன ஆள், மெல்ல முகத்தைத் திருப்பினான்.

மாமனார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அடடா! கடிகாரக்காரனா? என் கண்ணு முன்னாடியே நின்னானே! எனக்கே தண்ணி காட்டிட்டானே மாப்பிள்ளை!"

மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் காட்சியில் எந்தத் துப்பு ஒளிந்திருக்கிறது என்று படத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டி, கை காலை ஆட்டி விளக்கினான். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். இவன் பதில் சொன்னான். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

"மாமா, உங்க காலத்துல இப்படி ஒரு கேஸ் வந்துச்சா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒருத்தன் திருடப் போன வீட்டுல..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்குப் போயிருந்த மாமியார் கூடையோடு உள்ளே வந்தார். டி.வி.யைப் பார்த்தார்.

"அட, இந்தப் படமா! ஏங்க, கல்யாணமான புதுசுல பார்த்தோமே! கடிகாரக்காரன் தலையைக் காட்டினதுமே, 'இவன்தான் கொலைகாரன்'னு தியேட்டரே கேக்கற மாதிரி கத்தினீங்க. முன் சீட்டுக்காரர் அடிக்கவே வந்துட்டாரே, மறந்துபோச்சா?"



மருமகன் மெதுவாகத் திரும்பினான். "மாமா... அப்ப தோட்டக்காரன், டாக்டர், மச்சான்காரன் எல்லாம்?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நேத்து தியேட்டர் வாசல்ல 'பட்டையைக் கிளப்பிட்டான்'னு சொன்னீங்களே, அப்ப உங்க ரெண்டு காதுலயும் பஞ்சு இருந்துச்சு. நான் ஏதாவது கேட்டேனா?"